யானையைக் கொன்றது யார்?

போர்க்காலக் குழந்தைகளைப் பற்றிய கதைகள் நம் பிள்ளைகளுக்கு எதைச் சொல்கின்றன, எதைச் சொல்லாமல் விடுகின்றன?

ஆகஸ்ட் முதல் வாரம். ஹிரோஷிமா தினத்துக்காக ஆளுக்குப் பத்துக் காகிதக் கொக்கு மடித்துக்கொண்டு வரச் சொல்லிப் பள்ளியில் அனுப்பியிருந்தார்கள். நான்காம் வகுப்புப் படிக்கும் அண்ணன் மகளும் நானும் பழைய காலண்டர் தாள்களைச் சதுரமாக வெட்டிக் கூடத்தில் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தோம். இறக்கையைப் பிரிக்கும் மடிப்பில் எனக்குக் கை தடுமாறும். அவள் வெடுக்கென்று பிடுங்கி, நகத்தால் நீவிச் சரிசெய்து கொடுப்பாள். மடித்துக்கொண்டே சடாகோவின் கதையைச் சொன்னேன். ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தபோது அவளுக்கு இரண்டு வயது. பத்து வருஷம் நன்றாக ஓடியாடியவளுக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது. ஆயிரம் கொக்கு மடித்தால் நினைத்தது நடக்கும் என்று நம்பி, ஆஸ்பத்திரிக் கட்டிலில் மடித்துக்கொண்டே இருந்தாள். 644 கொக்கு முடித்தபோது இறந்துபோனாள். மீதி 356-ஐத் தோழிகள் மடித்து அவளோடு வைத்து அனுப்பினார்கள்.

அண்ணன் மகளின் கை நின்றது. "அத்தை, ஆயிரமும் மடிச்சு முடிச்சிருந்தா பொழைச்சிருப்பாளா?"

அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. இந்தக் கட்டுரையே அந்தப் பதிலைத் தேடிப் போனதில் பிறந்ததுதான்.

நான் சொன்ன கதை, எலினார் கோயர் என்ற எழுத்தாளர் 1977-இல் சிறுவர்களுக்காக எழுதிய நூலில் உள்ளது. உலகமெங்கும் பள்ளிகளில் சொல்லப்படுவதும் பெரும்பாலும் அதுதான். ஆனால் சடாகோ சசாகி ரத்தமும் சதையுமாக வாழ்ந்த பெண். 1955 அக்டோபர் 25 அன்று 12 வயதில் இறந்தாள். மருந்து சுற்றி வந்த தாளையும், நோயாளிகளுக்கு வந்த பரிசுகளின் மேலுறையையும் கேட்டு வாங்கிக் கொக்கு மடித்தாள். அவளுடைய அண்ணன் மசாஹிரோவும், ஹிரோஷிமா அமைதி நினைவு அருங்காட்சியகமும் சொல்லும் செய்தி வேறு. ஆகஸ்ட் மாத முடிவுக்குள் அவள் ஆயிரத்தைத் தாண்டிவிட்டாள். தாண்டிய பிறகும் மடித்தாள்.

அதாவது, என் மருமகளின் கேள்விக்கு வரலாற்றிலேயே பதில் இருந்தது. முடித்தாள். முடித்தும் பிழைக்கவில்லை.

644 என்ற எண் எவ்வளவு அழகாக அழவைக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். பாதியில் நின்ற பிரார்த்தனை, அதை முடித்துவைத்த தோழிகள். ஆனால் அந்த எண் குழந்தையின் மனத்தில் ஒரு கணக்கையும் விதைத்துவிடுகிறது: 356 குறைந்துபோனதால்தான் அவள் செத்தாள். குண்டு போட்டவர்களின் மேல் இருக்கவேண்டிய பழி, மெல்ல நழுவி ஒரு சிறுமியின் விரல்களின் மேல் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

போர்க்காலத்தில் வளரும் குழந்தைகளைப் பற்றிய கதைகளை இருபது வருஷமாகத் தேடித் தேடிப் படிக்கிறேன். அவற்றில் வரும் சாவு குழந்தைகளுக்கு ஆகாது என்று கவலைப்படும் பெற்றோரை நிறையப் பார்த்திருக்கிறேன். என் கவலை வேறு. சாவைக் குழந்தைகள் தாங்கிக்கொள்வார்கள். நம் பாட்டிமார் சொன்ன கதைகளில் இல்லாத சாவா? சாவுக்குத் தவறான காரணத்தைச் சொல்லி அனுப்புவதுதான் அவர்களுக்கு நாம் செய்யும் தீங்கு.

மூன்று யானைகளின் கதை

ஜப்பானில் ஒரு தலைமுறை முழுக்கக் கேட்டு வளர்ந்த கதை ஒன்று உண்டு. 'பாவப்பட்ட யானைகள்' என்று தமிழில் சொல்லலாம். எழுதியவர் சுச்சியா யுகியோ. 1951-இல் வெளிவந்தது, 1970-இல் படப் புத்தகமாயிற்று. 1967 முதல் ஆண்டுதோறும் போர் முடிந்த நாளான ஆகஸ்ட் 15 அன்று அகியாமா சியெகோ என்ற அம்மையார் அதை வானொலியில் வாசித்துவந்தார்.

கதை நடப்பது தோக்கியோவின் உவேனோ விலங்குக் காட்சிச்சாலையில். அங்கே ஜான், டோங்கி, வான்ரி என்று மூன்று யானைகள். குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் மிருகங்கள் ஊருக்குள் புகுந்துவிடும் என்பதால், எல்லாவற்றையும் கொன்றுவிட உத்தரவு வருகிறது. உருளைக்கிழங்கில் விஷம் வைத்து ஜானுக்குக் கொடுக்கிறார்கள். நல்ல கிழங்கைத் தின்றுவிட்டு விஷக் கிழங்கை அது துதிக்கையால் வீசி எறிகிறது. ஊசி போடப் பார்க்கிறார்கள், தோலில் இறங்காமல் ஊசி முறிகிறது. கடைசியில் பட்டினி போடுகிறார்கள். ஜான் போய்ச் சேருகிறது. டோங்கியும் வான்ரியும், வித்தை காட்டினால் தீனி கிடைக்கும் என்ற பழக்கத்தில், யாராவது கூண்டருகே வந்தால் மெலிந்த உடம்பைத் தூக்கிப் பின்காலில் நின்று துதிக்கையை உயர்த்திக் காட்டுகின்றன. பார்க்கப் பொறுக்காமல் பாகன் ஒருவர் தீனியும் தண்ணீரும் கொடுத்துவிடுகிறார். ஆனாலும் அவை சாகின்றன. தலைக்கு மேல் விமானங்கள் பறக்க, போரை நிறுத்துங்கள் என்று ஊழியர்கள் வானத்தைப் பார்த்துக் கதறுகிறார்கள்.

துதிக்கையை உயர்த்திக் காட்டும் அந்த இடத்தைக் கண் கலங்காமல் படித்து முடித்தவரை நான் பார்த்ததில்லை. நானும் முதல் முறை அழுதேன். சங்கிலியில் நிற்கும் கோயில் யானை, ஒரு பழத்துக்காகத் தலையில் துதிக்கையை வைக்கும் ஊரில் வளர்ந்தவர்களுக்கு அந்தப் படம் இன்னும் கூர்மையாகவே தைக்கும்.

யானைகள் உண்மை. விஷக் கிழங்கு உண்மை. பட்டினி உண்மை. ஆனால் 1981-இல் ஹசெகாவா உஷியோ என்ற சிறார் இலக்கிய விமர்சகர் ஓர் எளிய கேள்வியை எழுப்பினார். அந்த யானைகள் செத்தபோது தோக்கியோவில் எங்கே குண்டு விழுந்தது?

திரைச்சீலைக்குப் பின்னால்

தேதிகளை வரிசையாக வைத்துப் பார்ப்போம். அமெரிக்க விமானங்கள் தோக்கியோவை முதல் முறை தாக்கியது 1942 ஏப்ரல் 18. அது ஒரே நாளோடு முடிந்தது. அடுத்துப் பெரிய தாக்குதல் தொடங்கியது 1944 நவம்பர் மாதக் கடைசியில். நகரமே பற்றி எரிந்து ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் மாண்ட இரவு 1945 மார்ச் 10.

மிருகங்களைக் கொல்ல உத்தரவு வந்தது 1943 ஆகஸ்ட் 16. வானம் அமைதியாக இருந்த காலம் அது. உத்தரவு போட்டவர் தோக்கியோவின் ஆளுநர் ஓடாச்சி ஷிகெயோ. அதற்கு முன்புவரை அவர் ஜப்பானியர் பிடித்து வைத்திருந்த சிங்கப்பூரின் மேயர். அங்கே ஜப்பானுக்குப் பாதகமாகத் திரும்பத் தொடங்கியிருந்த போரின் போக்கை அறிந்து வந்தவர். தலைநகர மக்கள் இன்னும் அதை உணரவில்லை, அவர்களைக் குலுக்கி எழுப்ப வேண்டும் என்று நினைத்தார். மக்கள் கொண்டாடும் மிருகங்களின் சாவு அதற்குக் கருவியாயிற்று. வரலாற்று ஆய்வாளர்கள் சொல்லும் காரணம் இதுதான்.

மொத்தம் 27 மிருகங்கள் கொல்லப்பட்டன. காட்சிச்சாலைப் பொறுப்பிலிருந்த ஃபுகுடா சபுரோ யானையையாவது காப்பாற்றப் பார்த்தார். டோங்கியை வடக்கே செண்டாய் நகரத்துக்கு அனுப்ப ஏற்பாடு செய்தார், அந்த ஊரும் ஒப்புக்கொண்டது. ஆளுநர் காதுக்குச் செய்தி போனது. அனுப்பக் கூடாது என்று தடுத்துவிட்டார்.

ஜான் இறந்தது ஆகஸ்ட் 29. செப்டம்பர் 4 அன்று கொல்லப்பட்ட மிருகங்களுக்குப் பெரிய அஞ்சலிச் சடங்கு நடந்தது. புத்த பிக்குகள் வந்தார்கள், பள்ளிப் பிள்ளைகள் வந்து நின்றார்கள். யானைக் கொட்டடியைச் சுற்றிக் கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட இழவுச் சீலை கட்டியிருந்தது. அந்தச் சீலைக்குப் பின்னால் டோங்கியும் வான்ரியும் உயிரோடு, பசியோடு நின்றுகொண்டிருந்தன. வான்ரி செப்டம்பர் 11-இலும், டோங்கி செப்டம்பர் 23-இலும்தான் இறந்தன.

உயிரோடிருக்கும் யானைக்குக் குழந்தைகளை நிறுத்தி அஞ்சலி செய்ய வைத்தார்கள். இந்த ஒரு காட்சி போதும், ஓர் அரசு தன் குழந்தைகளை எப்படிப் போருக்குப் பழக்குகிறது என்று விளங்க. ஆனால் படப் புத்தகத்தில் இருப்பதோ மழையாய்ப் பொழியும் குண்டும், வேறு வழியில்லாத மனிதர்களும்தான். கதையில் எல்லாரும் அழுகிறார்கள். உத்தரவு போட்டவர் மட்டும் அதில் இல்லை.

சுச்சியாவின் நோக்கத்தை நான் சந்தேகிக்கவில்லை. போர் வேண்டாம் என்று மனதார நம்பித்தான் எழுதினார். ஆனால் முடிவெடுத்தவரைக் கதையிலிருந்து எடுத்துவிட்டால் போர் வெள்ளம் போல, புயல் போல ஆகிவிடுகிறது. வந்தது, அழித்தது, போனது. புயலைப் பார்த்து நிறுத்து என்று கதறலாம், புயலிடம் யாரும் கணக்குக் கேட்க முடியாது. அந்தக் கதையைக் கேட்டு வளரும் பிள்ளை இரக்கத்தைக் கற்றுக்கொள்ளும். நாளைக்கு ஒரு மேசையின்மேல் இப்படி ஓர் உத்தரவு வந்து விழும்போது அதை மறுக்கவேண்டும் என்று மட்டும் கற்றுக்கொள்ளாது.

மறுக்க முடியும் என்பதற்கு ஜப்பானிலேயே சான்று இருக்கிறது. நகோயா நகரத்தின் ஹிகாஷியாமா காட்சிச்சாலையில் இரண்டு யானைகள் போர் முடியும்வரை உயிரோடு காப்பாற்றப்பட்டன. 1949-இல் நாட்டின் பல ஊர்களிலிருந்தும் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு அந்த யானைகளைப் பார்க்கத் தனி ரயில்கள் ஓடின. அதே வருஷம் தோக்கியோ குழந்தைகள், எங்களுக்கும் ஒரு யானை வேண்டும் என்று நம் பிரதமர் நேருவுக்குக் கடிதம் எழுத, மைசூரிலிருந்து ஒரு யானை கப்பலேறிப் போனது. மகளின் பெயரையே அதற்கு வைத்தார் நேரு: இந்திரா. கன்னடத்தில் சொன்னால்தான் கேட்கும் என்பதால் கூடப் போன பாகர்கள் அங்கே தங்கி ஜப்பானியருக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்தார்கள். ஜான் நின்ற அதே உவேனோவில் இந்திரா 1983 வரை வாழ்ந்தாள்.

உள்ளங்கையில் ஒரு நட்சத்திரம்

ஜான் இறந்த அதே 1943 ஆகஸ்ட் 29 அன்று, உலகத்தின் மறுகோடியில், டென்மார்க்கின் கடற்படை தன் கப்பல்களைத் தானே வெடிவைத்து மூழ்கடித்தது. நாட்டைப் பிடித்து வைத்திருந்த ஜெர்மானியர் கையில் அவை சிக்கக் கூடாது என்று. லோயிஸ் லோரி எழுதிய 'நம்பர் தி ஸ்டார்ஸ்' நாவலில் இந்த நிகழ்ச்சி ஒரு சின்னப் பெண்ணின் பிறந்தநாளாக வருகிறது. வானம் சிவந்து வெடிச்சத்தம் கேட்கிறது. பயந்த ஐந்து வயதுக் கிர்ஸ்டியிடம் அம்மா சொல்கிறாள், உன் பிறந்தநாளுக்காக விடும் வாணவேடிக்கை என்று. அவள் நம்பிவிடுகிறாள். அவளுடைய அக்கா, பத்து வயது ஆன்மரி, நம்பவில்லை. படிக்கிற பிள்ளையும் நம்பவில்லை.

அம்மா சொன்னதும் பொய்தான். ஆனால் எழுத்தாளர் அந்தப் பொய்யைப் பொய் என்று வாசகருக்குக் காட்டிவிட்டுத்தான் நகர்கிறார். தோக்கியோவின் இழவுச் சீலைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அதுதான். கதாபாத்திரத்திடம் மறைக்கலாம், வாசிக்கிற குழந்தையிடம் மறைக்கக் கூடாது.

1989-இல் வந்து மறு ஆண்டு நியூபெரி பதக்கம் பெற்ற இந்த நாவலின் பின்னணி, டென்மார்க் யூதர்கள் தப்பிய வரலாறு. யூதர்களைப் பிடிக்கப் போகிறார்கள் என்ற ரகசியத்தை முன்கூட்டியே கசியவிட்டவர், ஜெர்மனியின் தூதரக அதிகாரியாக இருந்த கேயோர்க் டுக்விட்ஸ். செப்டம்பர் 29 அன்று கோபன்ஹேகன் தொழுகைக் கூடத்தில் மதகுரு மார்க்குஸ் மெல்கியோர், வீட்டுக்குப் போகாதீர்கள், ஒளிந்துகொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினார். அக்கம்பக்கத்தார், டாக்டர்கள், மீனவர்கள் சேர்ந்து 7,000 பேருக்கு மேல் படகில் ஏற்றிக் கடல் தாண்டி ஸ்வீடனில் சேர்த்தார்கள். சுமார் 470 பேர் பிடிபட்டார்கள்.

இவ்வளவு பெரிய வரலாற்றை லோரி ஒரு சின்ன இடத்துக்குள் அடக்குகிறார். நடு ராத்திரி, ராணுவத்தார் வீட்டுக்குள் வருகிறார்கள். ஆன்மரியின் தோழி எல்லன் என்ற யூதப் பெண்ணை, அக்கா என்று சொல்லிப் படுக்கையில் ஒளித்து வைத்திருக்கிறார்கள். அவள் கழுத்தில் தாவீதின் நட்சத்திரம் தொங்குகிறது. கழற்ற நேரமில்லை. ஆன்மரி சங்கிலியைப் பிடித்து அறுத்து, நட்சத்திரத்தைக் கைக்குள் மூடிக்கொள்கிறாள். அவர்கள் போன பிறகு கையை விரித்தால், உள்ளங்கையில் நட்சத்திரம் அச்சாகப் பதிந்திருக்கிறது.

அந்த அச்சை நான் பல குழந்தைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். சொன்னதும் எல்லாரும் தம் உள்ளங்கையை ஒருமுறை பார்த்துக்கொள்கிறார்கள். பயந்தபோதும் ஒரு பத்து வயதுப் பெண் ஒரு முடிவெடுத்தாள் என்பது அவர்களுக்கு எந்த விளக்கமும் இல்லாமல் புரிகிறது. பிடிக்க வந்தவரும் மனிதர், காப்பாற்றியவரும் மனிதர். இடையில் குண்டு மழையோ விதியோ எதுவும் இல்லை.

முயலைத் திருடியவர்

யார் செய்தது என்பதைத் தலைப்பிலேயே சொல்லிவிட்டவர் ஜூடித் கெர். 1971-இல் அவர் எழுதிய நாவலின் பெயர், இட்லர் என் ரோஜா நிற முயலைத் திருடியபோது என்று பொருள்படும். பெர்லினில் புகழ்பெற்ற நாடக விமர்சகரான அவர் தந்தை ஆல்ஃபிரட் கெர், நாஜிகளை எதிர்த்துத் துணிந்து எழுதியவர், யூதர். 1933-இல் இட்லர் கைக்கு நாடு முழுசாகப் போவதற்குச் சற்று முன்னால் குடும்பம் வெளியேறியது. அப்போது ஜூடித்துக்கு ஒன்பது வயது.

நாவலில் ஆனாவுக்கு ஒரே ஒரு பொம்மை எடுத்துக்கொள்ள அனுமதி. சீக்கிரம் திரும்பிவிடுவோம் என்ற நினைப்பில், பழகித் தேய்ந்த முயலை விட்டுவிட்டுப் புதுக் கம்பளி நாயை எடுத்துக்கொள்கிறாள். வீடும் சாமானும் பறிமுதலாயின என்று பின்னால் தெரியவரும்போது அவளுக்கு உறைப்பது முயல்தான். அவள் முயல் இப்போது இட்லரிடம் இருக்கிறது! பெரியவர்களுக்கு இது குழந்தைத்தனமாகத் தோன்றலாம். ஆனால் நடந்ததை இதைவிடச் சரியாகச் சொல்ல முடியுமா? ஓர் ஆட்சி ஒரு குழந்தையின் பொருளைத் திருடியது. குழந்தையின் உயரத்திலிருந்து பார்த்தும், யார் செய்தது என்பதைத் தவறவிடாத எழுத்து இது.

இன்னும் ஒரு படி போனவர் ராபர்ட் வெஸ்டால். இங்கிலாந்தின் வடகிழக்குக் கடற்கரையில் குண்டு வீச்சுக்கு நடுவே வளர்ந்தவர். 12 வயது மகனுக்குத் தன் பால்யத்தைக் காட்ட எழுதியதுதான் 'தி மெஷின் கன்னர்ஸ்'. 1975-ஆம் ஆண்டுக்கான கார்னகி பதக்கம் பெற்றது. பள்ளிப் பையன்கள் வெடித்த குண்டுச் சிதறல்களைக் கோலிக்குண்டு போலச் சேர்த்துப் பெருமையடிக்கிறார்கள். விழுந்து நொறுங்கிய ஜெர்மன் விமானத்திலிருந்து சாஸ் என்ற பையன் எந்திரத் துப்பாக்கியையே கழற்றிக்கொண்டு வந்துவிடுகிறான். சேர்ந்து கோட்டை கட்டுகிறார்கள். கையில் சிக்கிய ஜெர்மன் வீரனை ஒளித்து வைத்துச் சோறு போட்டுச் சிநேகமாகிறார்கள். கடைசியில் அவர்கள் துப்பாக்கியே அவர்கள் சிநேகத்தைக் குலைக்கிறது.

குழந்தை என்றால் கண்ணீர் ததும்பும் அப்பாவி என்று மட்டுமே எழுதிப் பழகியவர்களுக்கு வெஸ்டால் ஒரு பாடம். போர் குழந்தைகளைக் கொல்வதோடு நிற்பதில்லை, அவர்களுக்கு ருசியையும் காட்டிவிடுகிறது. தெருவில் போர் விளையாடும் நம் பிள்ளைகளோடு இதைப் பேசத் தைரியம் வேண்டும். வெஸ்டாலுக்கு அது இருந்தது.

உயிர் காலேஜில் கேட்ட வேட்டுச் சத்தம்

உவேனோ யானைகளைப் படித்தபோது எனக்குச் சென்னைதான் நினைவுக்கு வந்தது. அதற்குக் காரணம் உண்டு.

அருங்காட்சியகத்தைச் 'செத்த காலேஜ்' என்றும், மிருகக் காட்சிச்சாலையை 'உயிர் காலேஜ்' என்றும் சென்னைப் பெரியவர்கள் சொல்வார்கள். வண்டலூருக்குப் போவதற்கு முன்னால், 1985 வரை, அந்த உயிர் காலேஜ் சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், மூர் மார்க்கெட்டை ஒட்டிய பீப்பிள்ஸ் பார்க்கில் இருந்தது. 1942 ஏப்ரல் 5 அன்று ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. மறுநாள் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும். 9-ஆம் தேதி திருகோணமலை. அடுத்தது சென்னைதான் என்ற பேச்சு பரவியது. அரசாங்க அலுவலகங்கள் வெளியூர்களுக்குப் பெயர்ந்தன. ரயிலிலும் மாட்டு வண்டியிலும் பட்டணம் காலியாயிற்று. அந்தப் பதற்றத்தில் உயிர் காலேஜின் சிங்கம், புலி, சிறுத்தைகளைக் கூண்டிலேயே வைத்துச் சுட்டுக் கொன்றார்கள். சுட்டவர்கள் மலபார் சிறப்புப் போலீசார். குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் என்ற அதே காரணம். சென்னையிலும் அப்போது குண்டு விழவில்லை. உவேனோவுக்கு ஓராண்டுக்கு மேல் முந்தி நடந்தது இது.

என் பாட்டி அந்த வருஷத்தை 'எவாக்குவேஷன் வருஷம்' என்றுதான் சொல்வாள். ஜன்னலுக்குக் கறுப்புத் தாள் ஒட்டியது, சிம்னி விளக்கை முறத்தால் மறைத்தது, உப்புப் பரணியைச் சுமந்துகொண்டு சித்தப்பா ஊருக்குப் போனது எல்லாம் சொல்வாள். அவளுக்கு அப்போது எட்டு வயது. திரும்பி வந்து உயிர் காலேஜுக்குப் போனால் புலிக்கூண்டு காலி. "புலி எங்கே?" என்று அவள் அப்பாவைக் கேட்டாளாம். "எவாக்குவேஷனுக்குப் போயிருக்கு" என்றாராம் அவர். கல்யாணமாகும்வரை அதையே நம்பியிருந்தாள்.

காலியான புலிக்கூண்டின் முன்னால் நிற்கும் எட்டு வயதுப் பெண். இதைவிட நல்ல சிறுவர் நாவலுக்கு வேறென்ன தொடக்கம் வேண்டும்?

நம்மிடம் இப்படி எத்தனை கதைகள்! 1914 செப்டம்பரில் ஓர் இரவு ஒரு ஜெர்மன் கப்பல் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுவிட்டுப் போனது. அந்தக் கப்பலின் பெயர் 'எம்டன்' என்று தமிழில் ஒரு சொல்லாகவே தங்கிவிட்டது. 1941 டிசம்பர் 23 அன்று ரங்கூனில் குண்டு விழுந்த பிறகு, பர்மாவிலிருந்து லட்சக்கணக்கான இந்தியர் புறப்பட்டார்கள். அவர்களில் தமிழர்கள் ஏராளம். காட்டிலும் மலையிலும் நடந்து வந்த குடும்பங்களில் வழியிலேயே புதைக்கப்பட்ட குழந்தைகள் உண்டு. மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாம் ரயில்பாதை போடத் தமிழ்த் தொழிலாளரை ஜப்பானியர் பிடித்துக்கொண்டு போனபோது, லயத்து வாசலில் அப்பாவுக்காகக் காத்திருந்த பிள்ளைகள் உண்டு.

ஈழத்தில் போரையே பால்யமாகக் கொண்டு ஒரு தலைமுறை வளர்ந்தது. மின்சாரம் இல்லாத யாழ்ப்பாணத்தில் ஜாம் போத்தல் விளக்கில் படித்துப் பரீட்சை எழுதினார்கள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி மிதியைச் சுற்றி, டைனமோவில் பாட்டுக் கேட்டார்கள். முற்றத்தில் பனங்குற்றியும் மண்மூட்டையும் அடுக்கிப் பதுங்கு குழி வெட்டினார்கள். 1995 அக்டோபர் கடைசியில் ஒரே இரவில் வலிகாமம் முழுக்கத் தென்மராட்சி நோக்கி நடந்தபோது, அந்த நெரிசலில் கைப்பிடி விட்ட பிள்ளைகள் இன்று கனடாவிலும் லண்டனிலும் தம் பிள்ளைகளைத் தூங்க வைக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளும் கேட்கத்தான் செய்வார்கள், "நீங்க சின்னப் பிள்ளையா இருக்கேக்க என்ன நடந்தது?" என்று. அதற்கு ஜூடித் கெர் எழுதியது போல ஒரு கதை வேண்டும். அப்பா சொல்லத் தயங்குவதைக் கையில் எடுத்துக் கொடுக்க ஒரு புத்தகம் வேண்டும்.

எழுத நினைப்பவர்களுக்கு

இந்தக் கதைகளைத் தமிழில் எழுத முன்வருகிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. கண்ணீரிலிருந்து தொடங்காதீர்கள், தேதியிலிருந்து தொடங்குங்கள். யானை செத்த நாளையும் குண்டு விழுந்த நாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததால்தானே ஹசெகாவாவுக்கு உண்மை புலப்பட்டது! சென்னை தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது, எழும்பூரில் கன்னிமாரா இருக்கிறது. பழைய இதழ்களைப் புரட்டினால் அந்தக் காலத்து விளம்பரம்கூட ஒரு கதை சொல்லும். அதைவிட முக்கியம், எண்பது தொண்ணூறு வயதில் நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பவர்கள். 1942-இல் எட்டு வயதாக இருந்தவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ள நமக்கு இனி அதிக வருஷம் இல்லை.

பிறகு, சின்னதைப் பிடியுங்கள். உள்ளங்கை அச்சு, தேய்ந்த முயல், விஷக் கிழங்கு. படைகளின் எண்ணிக்கை குழந்தைக்கு வேண்டாம். உப்புப் பரணி யார் தலையில் இருந்தது என்று சொன்னால் போதும். ஆனால் அந்தச் சின்னதிலிருந்து ஒரு நூல், உத்தரவு போட்டவரின் மேசைவரை போகவேண்டும். பத்து வயதுக்கு அரசியல் புரியாது என்பார்கள். வகுப்புத் தலைவன் யார் பெயரைக் கரும்பலகையில் எழுதினான், யார் பெயரை வேண்டுமென்றே விட்டான் என்று பத்து வயதுக்குத் துல்லியமாகத் தெரியும். அதிகாரத்தைப் பற்றி அதற்குமேல் என்ன தெரிய வேண்டும்?

பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் சொல்ல ஒன்று உண்டு. குழந்தையோடு இப்படி ஒரு கதையைப் படித்து முடித்ததும் "பாவம் இல்ல?" என்று மட்டும் கேட்டு மூடிவிடாதீர்கள். "இதை யார் முடிவு பண்ணாங்க?" என்றும் கேளுங்கள். பதில் கதையில் இல்லையென்றால் சேர்ந்து தேடுங்கள்.

நாங்கள் தேடினோம். பத்துக் கொக்கும் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, அண்ணன் மகளை உட்காரவைத்து முதலில் சடாகோவைத் திருத்திச் சொன்னேன். அவள் ஆயிரத்தை முடித்துவிட்டாள், முடித்தும் பிழைக்கவில்லை, ஏனென்றால் குண்டின் விஷத்தைக் காகிதக் கொக்கு முறிக்காது. பிள்ளை வாடிவிடுவாளோ என்று பயந்துகொண்டே சொன்னேன். அவள் முகத்தில் ஒரு நிம்மதிதான் தெரிந்தது. "அப்போ அவ மேல தப்பில்ல" என்றாள்.

பிறகு யானைகளைச் சொன்னேன். கிழங்கு, ஊசி, துதிக்கை. கோடு போட்ட சீலை, அதற்கு முன்னால் வரிசையாக நின்ற பிள்ளைகள், பின்னால் நின்ற இரண்டு யானைகள். செண்டாய்க்குப் போகவிடாமல் தடுத்த ஆளுநர். அவள் அழவில்லை. கொஞ்ச நேரம் கால் விரலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

"அந்த ஆளு பேரு என்ன சொன்னீங்க?"

"ஓடாச்சி."

"அவரு அப்புறம் என்ன ஆனாரு அத்தை?"

அடுத்த வருஷமே உள்துறை அமைச்சர் ஆனார் என்றேன். போர் தோற்றதும் பதவி வகிக்கக் கூடாது என்று தடை வந்தது, பிறகு அதுவும் நீங்கியது என்றேன். 'பாவப்பட்ட யானைகள்' வெளிவந்து இரண்டு வருஷம் கழித்து, 1953-இல், அவருக்கு மறுபடியும் மந்திரி பதவி கிடைத்தது.

"என்ன மந்திரி?"

"கல்வி மந்திரி."

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இது அந்தப் புத்தகத்துல இருக்கா?" என்று கேட்டாள்.

இல்லை என்றேன்.

"எழுதணும்" என்றாள்.